உச்சிமாகாளியின் தலையில் சொரிமுத்துவின் வீடு

மலையடிவாரத்துக் குளக்கரையில் லேசாகச் சாய்ந்தாற்போல ஒரு பனை. அந்தப் பனை முழுக்கத் தூக்கணாங்குருவிகள். பனை என்று நாம் சொல்கிறோம். குருவிகளுக்கு அது ஊர்.

அந்த ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. மனிதர்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவார்கள். இங்கே பெண் வந்து வீடு பார்ப்பாள். ஆண்குருவி நெல் தாளையும் பனையோலையையும் நாராகக் கிழித்துப் பாதிக் கூடு பின்னி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்த தொப்பி மாதிரி இருக்கும் அது. நடுவே கால் வைக்கக் குறுக்காக ஒரு விட்டம். பெண்குருவி வந்து அந்த விட்டத்தில் உட்காருவாள். இங்கே ஓர் இழுப்பு, அங்கே ஓர் இழுப்பு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் கூடு என்ன சத்தம் போடுகிறது என்று கேட்பாள். ஒரு முடிச்சு நழுவினாலும் அவள் காதுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் வீடு பார்க்கப் பெண் வந்துவிட்டால் பனை மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். பிடித்துவிட்டால் அவள் உள்ளேயே இருந்துகொள்வாள். ஆண்குருவி மீதியைப் பின்னி முடித்து வாசல் குழாயைக் கீழே இறக்குவான். பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை பேசாமல் பறந்துபோவாள். அப்புறம் என்ன, கட்டின அலகாலேயே பிரித்துப் போட வேண்டியதுதான்.

சொரிமுத்து என்று ஒரு குருவி. போன மழைக்குக் கட்டினதைப் பிரித்துப் போட்டான். அதற்கு முந்தின மழைக்குக் கட்டினதையும் பிரித்துப் போட்டான். பிரிப்பதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது என்று பக்கத்து மட்டைக் கொம்பையா கேலி பேசுவார். கொம்பையா அந்தப் பனையில் மூத்தவர். வருஷம் தவறாமல் குஞ்சு பொரித்தவர். அவர் கேலி பேசலாம்.

இந்த வருஷம் முப்பிடாதி என்கிற பெண்குருவி, சொரிமுத்து வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். வயலில் நெல் பால் பிடிக்கும் முன்னே முட்டை வைத்தாக வேண்டும். பிந்தினால் குஞ்சுகளுக்கு இரை கிடைக்காது. இது தவறினால் இன்னொரு வருஷமும் ஒற்றை ஆள்தான். சொரிமுத்து சோறு தண்ணி மறந்து பின்னினான்.

அப்போதுதான் மாசானம் வந்து சேர்ந்தான். மாசானம் ஒரு மைனா. மலையில் பொழுது போகவில்லை என்று இறங்கி வந்தவன். சொரிமுத்து முடிச்சுப் போடுவதை அண்ணாந்து பார்த்துவிட்டு, இப்படியொரு கைவேலையை ஏழு மலையிலும் கண்டதில்லை என்றான்.

கொம்பையா காதில் விழுந்தும் விழாததுபோல இருந்தார். சொரிமுத்துவுக்கோ ஜில்லென்று இருந்தது. அவன் வேலையை அதுவரை யாரும் நல்லது என்று சொன்னதில்லை. வேண்டுமென்றே அதே முடிச்சை அவிழ்த்து, இன்னும் மெதுவாக, இன்னொரு தடவை போட்டுக் காட்டினான்.

மறுநாள் மாசானம் இரண்டு அணில்களைக் கூட்டி வந்தான். அடுத்த நாள் கோபுரத்துக் கிளிகள் ஒரு கூட்டம். அதற்கடுத்து மயில்கள், கீரிகள், மலைப்பாறைக் குரங்குகள் குடும்பம் குடும்பமாக. வருகிறவர்கள் மாசானத்துக்கு ஆளுக்கொரு அத்திப்பழம் கொண்டுவந்தார்கள். தின்றுகொண்டே அவன் கதை அளந்தான். குருவிகள் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடும் என்றான். கூட்டுக்குள்ளே மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்றான். கொம்பையாவுக்கு வயது முந்நூறு என்றான். அன்றைக்கு வந்த கிளிகள் கொம்பையாவை விழுந்து கும்பிட்டன. கும்பிட்ட கையோடு, உயிர் இருக்கிறதா என்று ஒரு கிள்ளும் கிள்ளிப் பார்த்தன.

ஒரு குறை மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தில் காற்று எப்போதும் மலையிலிருந்து, மேற்கேயிருந்து அடிக்கும். ஆகவே குருவிகள் காலம்காலமாகப் பனையின் கிழக்குப் பக்கமே கூடு கட்டும். மட்டைகள் காற்றை மறைக்கும். கீழே குளத்துத் தண்ணீர் கிடப்பதால் பாம்பும் பூனையும் அண்டாது. ஆனால் வேடிக்கை பார்க்கிற கூட்டம் மேற்கே கரையில்தான் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஓலைக்கு ஊடே கூட்டின் முதுகு மட்டும் தெரியும்.

மாசானம் சொரிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டான். "வே, இம்புட்டுத் தூரத்திலிருந்து சனம் வருது. நீரு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீரு. இந்தப் பக்கம் கொண்டாந்து தொங்கவிடும். உம்ம பேரு மலை தாண்டிப் போகும்."

கொம்பையா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காற்று மாமா மச்சான் பார்க்க மாட்டான், மேற்கே போகாதே என்று எச்சரித்தார். பெரியவருக்குப் பொறாமை என்று சொரிமுத்து நினைத்துக்கொண்டான். கிழக்கே பாதி முடிந்திருந்த கூட்டைப் பிரித்தான். மேற்கே, கரைக்கு நேராக, எல்லோர் கண்ணும் படுகிற மட்டையில் புதிதாகக் கட்டினான். நடுநடுவே மஞ்சள் ஆவாரம்பூவையும் செருகினான். ஆவாரம்பூ வைத்த கூட்டை அந்தப் பனை அன்றைக்குத்தான் பார்த்தது. அவனைப் பார்த்து இளவட்டங்கள் இன்னும் சிலரும் மேற்கே இறங்கினார்கள்.

கரையில் ஒரே ஆரவாரம். சொரிமுத்து தலைகீழாகத் தொங்கினால் ஓ என்று சத்தம். சிறகடித்தால் ஓஓ என்று சத்தம். அவன் ஒரு நாரைச் செருகுவதற்கு நான்கு தடவை சிறகடித்தான்.

அந்த நேரத்தில்தான் முப்பிடாதி வந்தாள்.

அவள் வழக்கம்போல வயல் பக்கமிருந்து தாழப் பறந்து வந்தாள். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அதோ பொண்ணு, அதோ பொண்ணு என்று கிளிகள் கத்தின. ஒரு கீரி குறுக்கே வந்து நின்று, கொஞ்சம் இப்படித் திரும்பும்மா என்றது. அவள் ஒதுங்கினாள். இரண்டு மயில்கள் அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டன. எப்படியோ மேலே ஏறிக் கூட்டின் விட்டத்தில் காலை வைத்தாள். ஓர் இழுப்பு இழுத்தாள். கண்ணை மூடினாள். கரை முழுக்கக் கூச்சல், காற்றின் கூச்சல் வேறு. கூடு போடும் சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை. அதற்குள் ஒரு குட்டிக்குரங்கு மட்டையில் தாவி ஏறி அவள் வாலில் ஓர் இறகைப் பிடுங்கியது.

"ஒரு நினைவுக்கு" என்றது குட்டி.

முப்பிடாதி வெளியே வந்தாள். பேசாமல் போவதுதான் முறை. ஆனால் அவளுக்கு வால் எரிந்தது.

"நான் குடியிருக்க வீடு பாக்க வந்தேன். நீங்க கூத்துக்கொட்டகை கட்டி வச்சிருக்கீங்க" என்றாள். போய்விட்டாள்.

சொரிமுத்து அவள் பின்னாலேயே பறந்துபோய்க் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் பெரிய சிரிப்பு. திரும்பினான். குரங்குகளின் தலைவர் உச்சிமாகாளி, மட்டையிலிருந்து அவன் கூட்டை அறுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார். பாதிக் கூடு அல்லவா, தொப்பி மாதிரியே பொருந்திவிட்டது. விட்டம் தாடைக்குக் கீழே வார்போலத் தொங்கியது. ஆவாரம்பூ நெற்றியில் ஆடியது.

கரையே கைதட்டியது. தலைவர் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த நாள் ஒவ்வொரு குரங்கும் தனக்கொரு தொப்பி வேண்டும் என்று வந்தது. மேற்கே கட்டின கூடுகள் எல்லாம் தொப்பியாகின. பிறகு குரங்குகள் கிழக்குப் பக்கமும் எட்டிப் பிடித்தன. தண்ணீரில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தன. தொப்பி கிடைக்காத அணில்கள் நார்நாராக உருவிக்கொண்டு போயின.

கொம்பையா ஊரைக் கூட்டி, உடைமரத்து முள்ளைக் கொண்டுவந்து பனையைச் சுற்றிப் போடச் சொன்னார். போட்டார்கள். குருவிகள் போட்ட முள்ளாம் என்று அந்த முள்ளைப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது.

"நீதானே மாப்ளே கூட்டியாந்தே. நீயே போய்ப் பேசு" என்றார் கொம்பையா.

சொரிமுத்து மலைப்பாறைக்குப் போனான். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். கையெடுத்துக் கும்பிட வேண்டும். நெல் பால் பிடிக்கும் முன்னே ஒரு கூடாவது கட்ட விடுங்கள் என்று கெஞ்ச வேண்டும். முப்பிடாதி இன்னும் வேறு வீடு எதையும் ஏற்கவில்லை என்று கேள்வி. இன்றைக்கு ஆரம்பித்தால்கூட முடித்துவிடலாம்.

பாறை மேலே ஓர் இச்சி மரம். அதன் நிழலில் உச்சிமாகாளி குப்புறப் படுத்திருந்தார். அவர் மனைவி ஆவுடை பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி பக்கத்தில் கழற்றி வைத்திருந்தது. உச்சந்தலையில், நடுவாக, உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது.

வீட்டு வேலை நடக்கும்போது குறுக்கே பேசுவது குருவிகளுக்கு வழக்கமில்லை. ஆகவே சொரிமுத்து ஒரு கிளையில் உட்கார்ந்து, மரியாதையாக வாயை மூடிக்கொண்டு, அவர்கள் முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

உச்சிமாகாளி ஒரு கண்ணைத் திறந்தார். "என்னலே பாக்கே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க முடிங்க."

அவர் இந்தப் பக்கம் புரண்டார். சொரிமுத்து அப்படியே இருந்தான். அந்தப் பக்கம் புரண்டார். தலையில் கையை வைத்து மூடினார். கை போதவில்லை. ஆவுடை சேலை விலகிவிட்டாற்போல உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

"நீ பாத்துக்கிட்டே இருந்தா எப்படிலே முடிக்க?" என்று கத்தினார் தலைவர்.

சொரிமுத்து பேச வாய் திறந்தான். திறந்த வாயை அப்படியே மூடினான். ஒரு கும்பிடு போட்டான். கெஞ்ச வந்த ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் பறந்தான். வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அவன் சொன்னதைக் கேட்டதும் கொம்பையாவுக்கும் சிரிப்பில் வயிறு குலுங்கியது. நாளைக்கு ஊர் மொத்தமும் மலைப்பாறைக்குப் போவோம் என்றார். முந்நூறு வயதுக்காரரால் அவ்வளவு தூரம் பறக்க முடியுமா என்று யாரோ கேட்டார்கள். தத்தித் தத்தியாவது போவேன் என்றார்.

மறுநாள் காலை உச்சிமாகாளி கொட்டாவி விட்டுக்கொண்டே கண் திறந்தார். இச்சி மரத்தில் இலை தெரியவில்லை. கிளைக்குக் கிளை குருவி. பாறை விளிம்பில் குருவி. அவர் கால்மாட்டில் வரிசையாகக் குருவி. எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"யாரு நீங்கள்லாம்?"

"சும்மா பாக்க வந்தோம் அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து. "ரொம்ப நாள் ஆசை."

இதில் வேடிக்கை என்னவென்றால் மாசானமும் வந்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. பார்க்க வந்த ஒரு கூட்டத்தைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. ஒரு கல்லில் ஏறி நின்று தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் இடது பக்கம் பாருங்க. இவருதான் தலைவர். நெஞ்சுல முடி இருக்கு, தலையில இல்ல. கூட்டம் கூட்டமா நிக்காதீங்க, பின்னால உள்ளவங்களுக்கு வழுக்கை தெரியணும்."

பின்னால் உள்ளவர்கள் தாவி முன்னால் வந்தார்கள். உச்சிமாகாளி அவசரமாகத் தொப்பியைத் தேடி மாட்டிக்கொண்டார். தொப்பியைக் கழற்றினால்தான் பார்க்க முடியும் என்று மாசானம் பணிவாகக் கேட்டுக்கொண்டான். கொஞ்சம் இப்படித் திரும்புங்க என்றது ஒரு குருவி. பல்லைக் காட்டுங்க என்றது இன்னொன்று. அவர் கோபத்தில் பல்லைக் காட்டினார். ஆகா என்றது பாறை முழுக்க. கொம்பையா நிதானமாக நடந்து வந்து, வழுக்கையின் ஓரத்தில் மிச்சமிருந்த முடியில் ஒன்றைப் பிடுங்கினார்.

"ஒரு நினைவுக்கு" என்றார்.

அன்று முழுக்க இப்படியே போனது. குரங்குகள் தின்னும்போது, எப்படித் தின்கிறது பார் என்று குருவிகள் ஒன்றுக்கொன்று காட்டின. குட்டிக்குப் பால் கொடுக்கத் தாய் மறைவிடம் போனாள். அங்கேயும் நான்கு குருவி எட்டிப் பார்த்தது. நண்பகலில் உச்சிமாகாளிக்கும் ஆவுடைக்கும் சண்டை வந்தது. பனையூர் முழுக்க அமைதியாக உட்கார்ந்து இருபக்கமும் கேட்டது. கடைசியில் ஆவுடை சொன்னதே நியாயம் என்று ஒருமனதாகத் தீர்ப்பும் சொன்னது. அதற்குமேல் சண்டையைத் தொடர அவர்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அடுத்த நாளும் குருவிகள் வந்தன. அதற்கடுத்த நாள் வயலிலிருந்து சிட்டுகளும் சேர்ந்துகொண்டன. மாசானம் இப்போது புதுக்கதை கட்டியிருந்தான். தலைவரின் வழுக்கையைத் தொட்டால் மழை பெய்யும் என்றான். தற்செயலாக அன்றைக்குச் சாரல் வேறு விழுந்து தொலைத்தது. அதன் பிறகு தொடுவதற்கு வரிசை நின்றது.

ஆவுடைதான் முதலில் உடைந்தாள்.

"ஒரு பேன் எடுக்க முடியல. ஒரு வாய் நிம்மதியாத் திங்க முடியல" என்று புருஷன் முகத்துக்கு நேரே கத்தினாள். "அதுங்க வீட்டைத் தலையில போட்டுக்கிட்டு அலைஞ்சீரே, இப்ப உம்ம வீட்டை அதுங்க தலையில தூக்கிட்டுப் போகுது. போய்ச் சமாதானம் பேசும்."

உச்சிமாகாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொரிமுத்துவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வழுக்கையை அவராகவே காட்டினார்.

"என்னலே வேணும் உங்களுக்கு? நாங்க இனிமே அந்தப் பக்கமே வரக்கூடாது, அதானே?"

சொரிமுத்து அதைத்தான் கேட்க நினைத்திருந்தான். ஆனால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அவனுக்கு அந்த வார்த்தை வரவில்லை. கூட்டத்துக்கு முதலில் ஆசைப்பட்டது யார் என்று அவனுக்குத் தெரியாதா?

"வாங்க அண்ணாச்சி. கரையில இருந்து பாருங்க. ஆனா நாங்க அங்க வேடிக்கை காட்ட உக்காரல, குடியிருக்கோம். பொம்பளைங்க வீடு பாக்க வந்தா வழி விடணும், சத்தம் கூடாது. எதையும் பிடுங்கக் கூடாது. நாங்களும் இங்க வரமாட்டோம்."

உச்சிமாகாளி சரி என்றார். கையிலிருந்த தொப்பியை நீட்டினார். அவர் கண் அந்த ஆவாரம்பூவிலேயே இருந்தது. பூ வாடிப்போயிருந்தது.

சொரிமுத்து அதை வாங்கவில்லை. "வச்சுக்கிடுங்க. அது மேற்குப் பாத்துக் கட்டினது. வீட்டுக்கு ஆகாது, தொப்பிக்கு ஆகும்" என்றான்.

அன்றே பனைக்குத் திரும்பிக் கிழக்குப் பக்கத்தில் புதிய கூட்டைத் தொடங்கினான். இந்தத் தடவை ஓ என்று யாரும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால், முதல் இரண்டு முடிச்சுக்கு அவனுக்கு வெறிச்சென்றுதான் இருந்தது. மூன்றாவது முடிச்சிலிருந்து நார் அலகுக்குப் பழகிவிட்டது. வயலில் கதிர் தலை நீட்டத் தொடங்கியிருந்தது. அவன் நிமிரவே இல்லை. பூவெல்லாம் செருக நேரமும் இல்லை.

முப்பிடாதி வருவாளா என்று அவனுக்குத் தெரியாது. அவளிடம் போய்க் கேட்கவும் துணிவு வரவில்லை. கொம்பையா ஒரு வேலையாக வயல் பக்கம் போனவர், கிழக்கே ஒரு கூடு தொங்குகிறது என்று போகிற போக்கில் முப்பிடாதி காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு வந்தார். யார் கூடு என்று சொல்லவில்லை.

அவள் வந்தாள். வால் இறகு இன்னும் முளைத்திருக்கவில்லை, கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்தே பறந்தாள். கரையில் அன்றைக்கும் கூட்டம் இருந்தது. குரங்குகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. ஒரு கிளி வாயைத் திறந்தது. உச்சிமாகாளி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கிளி வாயை மூடிக்கொண்டது. மாசானம் விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமினான். ஆவுடை அவன் அலகை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

முப்பிடாதி விட்டத்தில் உட்கார்ந்தாள். ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு. பிறகு, வேண்டுமென்றே செய்கிறாளோ என்னவோ, ஒரே முடிச்சை நெடுநேரம் இழுத்துக்கொண்டிருந்தாள். சொரிமுத்து கீழே தொங்கிக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தான். அவள் கண்ணை மூடினாள். மேற்கேயிருந்து காற்று வந்தது. மட்டைகள் சடசடத்தன. கூடு மெல்ல ஆடியது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் பறக்கவில்லை.

"இன்னும் என்ன தொங்கிக்கிட்டு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போய் நார் கொண்டாங்க. வாசல் குழாய் எப்ப இறக்கப் போறீங்க? நெல்லு பால் பிடிச்சிரும்."

சொரிமுத்து வயலைப் பார்த்து அம்பு மாதிரிப் பாய்ந்தான். கரையில் யார் இருந்தார்கள், யார் பார்த்தார்கள், எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

ஒருவர் வாழும் இடத்தை ரசிக்கப் போகிறவர், அங்கே ஒருவர் வாழ்கிறார் என்பதை மறந்துவிட்டால் அந்த ரசனையே அந்த வீட்டை இடித்துவிடும்.